கருவும் ஓடும் தொடும் எல்லை: நானோ காந்தங்களைக் கணினியில் ஆராய்வது எப்படி?

1956-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் மெய்க்கில்ஜான், பீன் என்ற இரு ஆய்வாளர்கள் கோபால்ட் நுண்துகள்களின் காந்தத் தன்மையை அளந்தார்கள். ஒவ்வொரு துகளையும் கோபால்ட் ஆக்சைடு மெல்லிய தோலாக மூடியிருந்தது. வலுவான காந்தப் புலத்தில் வைத்தபடியே அவற்றை 77 கெல்வினுக்குக் குளிர்வித்து, பிறகு தயக்கக் கண்ணியை, அதாவது புலத்தை ஒரு திசையிலிருந்து எதிர்த்திசைக்கும் திரும்பவும் மாற்றும்போது துகளின் காந்தமாக்கம் எப்படி மாறுகிறது என்று காட்டும் மூடிய வளைகோட்டை, வரைந்தார்கள். வழக்கமாக அந்தக் கண்ணி, புலம் பூச்சியமாக இருக்கும் கோட்டுக்கு இருபுறமும் ஒரே அளவில் விரிந்திருக்கும். இங்கே மொத்தக் கண்ணியும் ஒரு பக்கமாக நகர்ந்து கிடந்தது.

அதாவது, துகளை ஒரு திசையில் காந்தமாக்குவது எளிது. எதிர்த்திசைக்குத் திருப்புவது கடினம். தனிக் கோபால்ட்டுக்கு இப்படி ஓரவஞ்சனை கிடையாது. அது ஃபெர்ரோ காந்தம்: அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திசைகள் ஒரே பக்கம் பார்த்து நிற்கும். கோபால்ட் ஆக்சைடோ எதிர்ஃபெர்ரோ காந்தம். அதில் அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திசைகள் மேலும் கீழுமாக மாறி மாறி நின்று ஒன்றையொன்று அடித்துவிடுவதால் வெளியே காட்டிக்கொள்ள எதுவும் மிஞ்சுவதில்லை. தனித்தனியே இல்லாத குணம் இரண்டும் ஒட்டிக்கொண்ட இடத்தில் பிறந்திருக்கிறது. இதைத்தான் பரிமாற்றச் சாய்வு என்கிறோம்.

உள்ளே ஒரு பொருள், அதைச் சுற்றி வேறொரு பொருள் என்று அமைந்த நானோத்துகள்களைக் கரு-ஓடு அமைப்புகள் என்று சொல்வோம். இவற்றின் காந்த நடத்தை பற்றிய கணினி ஆய்வுகளில் பெரும்பாலானவை கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேர்கின்றன: கருவும் ஓடும் தொடும் அந்த ஓரிரு அணு அடுக்கில் என்ன நடக்கிறது? சோதனையில் நேரடியாகத் தொட்டுப் பார்க்க மிகக் கடினமான பகுதி அது. கணினியில் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம், வலுவைக் கூட்டலாம், குறைக்கலாம், வேண்டாமென்றால் அணைத்தே வைக்கலாம். இந்தச் சுதந்திரம்தான் சிமுலேஷனின் பலம். அதன் பலவீனமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

சிறுத்தால் என்ன ஆகிறது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 10 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு கோளத்தில், 0.3 நானோமீட்டர் தடிமனுள்ள வெளி அடுக்கில் மட்டும் ஏறத்தாழ 17 விழுக்காடு பருமன் இருக்கிறது. விட்டத்தை 4 நானோமீட்டராகக் குறைத்தால் அதே அடுக்கின் பங்கு 39 விழுக்காடாக ஏறிவிடுகிறது. மேற்பரப்பு அணுவுக்கு அண்டை அணுக்கள் குறைவு. ஆகவே அதைப் பிடித்துவைக்கும் பரிமாற்ற விசையும், அதாவது அண்டை அணுக்களின் காந்தத் திசைகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் விசையும், குறைவு. உள்ளே இருக்கும் அணுக்களுக்குப் பொருந்தும் விதி வெளியே இருப்பவற்றுக்கு அப்படியே பொருந்தாது. பத்தில் நான்கு அணுக்கள் வெளியே இருந்தால், பாடநூல் அட்டவணையில் உள்ள எண்களை நம்பி எதையும் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல் வெப்பம். சிறு துகள் ஒன்றின் காந்தத் திசையைத் தலைகீழாகத் திருப்ப ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். அந்தத் தடை துகளின் பருமனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும். தடையைத் தாண்ட ஆகும் சராசரி நேரமோ தடையின் உயரத்துக்கேற்ப அடுக்குக்குறி வேகத்தில் ஏறும். 1949-இல் லூயி நீல் சொன்ன இந்த விதி எவ்வளவு கொடூரமானது என்பதை எண்களில் பார்த்தால்தான் புரியும். தடை, வெப்ப ஆற்றலைப்போல 25 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். துகள் திரும்ப முயலும் இடைவெளி ஒரு நானோ நொடி என்போம். துகள் தன் திசையைச் சுமார் 70 நொடிகள் நினைவில் வைத்திருக்கும். இப்போது விட்டத்தை 20 விழுக்காடு மட்டும் கூட்டுங்கள். 70 நொடிகள் என்பது ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஆகிவிடும். அதே அளவு குறைத்தால் நினைவு ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிற்காது. இப்படித் தன் திசையைத் தக்கவைக்க முடியாமல் வெப்பத்தில் அலையும் நிலைக்குச் சூப்பர்பாரா காந்தம் என்று பெயர்.

ஓடு தேவைப்படுவது இந்த இடத்தில்தான். பருமனைக் கூட்டாமல் தடையை மட்டும் உயர்த்த வேண்டுமானால், பக்கத்தில் திசை மாறாத ஒன்றை நிறுத்திக் கருவை அதோடு கட்டிப்போடலாம். 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. சுமார் 4 நானோமீட்டர் கோபால்ட் துகள்கள் காந்த ஒழுங்கில்லாத ஊடகத்தில் இருந்தபோது 10 கெல்வினிலேயே நினைவை இழந்தன. அதே துகள்களைக் கோபால்ட் ஆக்சைடு ஊடகத்தில் பதித்தபோது ஏறத்தாழ 290 கெல்வின் வரை தாக்குப்பிடித்தன. அந்த 290 தற்செயலான எண் அன்று. கோபால்ட் ஆக்சைடின் எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு குலையும் வெப்பநிலையும் கிட்டத்தட்ட அதுவே. பிடித்துக்கொண்டிருந்த கை தளர்ந்ததும் கருவும் விடுபட்டுவிட்டது.

ஓடு எப்போதும் எதிர்ஃபெர்ரோ காந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கடினக் காந்தமும் மென்காந்தமும் சேர்ந்தால் ஒன்றின் பிடிவாதமும் மற்றதன் மிகுந்த காந்தமாக்கமும் ஒரே துகளில் கிடைக்கலாம். 1991-இல் நெல்லரும் ஹாவிக்கும் முன்வைத்த பரிமாற்றச் சுருள் காந்தம் இந்த வகை. தலைகீழாக எதிர்ஃபெர்ரோ கருவின் மேல் ஃபெர்ரி காந்த ஓடு (எதிரெதிர்த் திசைகள் சமமாக இல்லாததால் மிச்சக் காந்தம் தெரியும் பொருள்) அமைவதும் உண்டு: வூஸ்டைட் என்ற இரும்பு ஆக்சைடுக் கருவின் மேல் மேக்னட்டைட் என்ற இன்னொரு இரும்பு ஆக்சைடு ஓடு நல்ல உதாரணம். வடிவமும் கோளம் மட்டுமல்ல. கனசதுரம், நானோகம்பி, நானோகுழாய் என்று எல்லாவற்றையும் ஆராய்கிறார்கள்.

தாளில் போட்ட கணக்கு

மெய்க்கில்ஜானும் பீனும் தங்கள் கண்டுபிடிப்புக்கு ஒரு விளக்கமும் தந்தார்கள். எல்லையில் நிற்கும் எதிர்ஃபெர்ரோ அணுக்கள் எல்லாம் ஒரே திசையில் அசையாமல் நிற்கின்றன. ஃபெர்ரோ பக்கத்து அணுக்களைத் தம்மோடு இணையாக இழுக்கின்றன. அந்த இழுவைதான் கண்ணியை நகர்த்துகிறது. அழகான விளக்கம். ஆனால் பல படல அமைப்புகளுக்கு இந்தச் சூத்திரத்தில் எண்களைப் போட்டால், அளந்து பார்த்ததைவிட நூறு மடங்கு பெரிய நகர்வு வந்து நிற்கும்.

ஏன் என்று கேட்டு 1980-களில் பல யோசனைகள் வந்தன. எதிர்ஃபெர்ரோ பகுதிக்குள் ஒரு திசைச்சுவர், அதாவது அணுக்களின் திசை படிப்படியாகத் திரும்பும் ஓர் அடுக்கு, உருவாகி இழுவையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது என்றார்கள் மவுரியும் சகாக்களும். எல்லை கரடுமுரடானது, ஓரிடத்தின் இழுவையைப் பக்கத்து இடம் ரத்து செய்கிறது, புள்ளியியல் மிச்சம்தான் வெளியே தெரிகிறது என்றார் மலோசெமோஃப். இரண்டும் 1987. இரண்டும் தட்டையான படலங்களை மனத்தில் வைத்துச் சொன்னவை. வளைந்த எல்லையுள்ள துகளில் நிலைமை இன்னும் மோசம்: கோளத்தைப் படிகத்தில் வெட்டினால் எல்லை படிக்கட்டுப் படிக்கட்டாகத்தான் வரும். ஒரு படியில் மேல்நோக்கிய அணுக்கள் அதிகம், அடுத்த படியில் சமம், அதற்கடுத்ததில் கீழ்நோக்கியவை அதிகம். இதை ஒற்றைச் சூத்திரத்தில் அடக்க வழியில்லை.

சரி, எல்லா நிலைகளையும் கணினியிலேயே எண்ணிவிடலாமே? மேலே, கீழே என்று இரண்டே நிலைகள் உள்ள 100 அணுக்களை எடுத்தாலே மொத்த அமைப்புகளின் எண்ணிக்கை 31 இலக்கங்கள் கொண்ட எண். நொடிக்கு நூறு கோடி அமைப்புகளைப் பார்த்தாலும் முடிக்க ஏறத்தாழ 40 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும். 10 நானோமீட்டர் கோபால்ட் துகளில் இருப்பவையோ சுமார் 47,000 அணுக்கள்.

என்னென்ன சேர்க்கிறார்கள்

அணு அளவிலான சிமுலேஷனில் ஒவ்வொரு காந்த அணுவும் ஒரு ஸ்பின், அதாவது ஓர் அம்பு. படிகக் கட்டத்தின் ஒவ்வொரு முனையிலும் ஓர் அம்பை நட்டு, குறிப்பிட்ட ஆரத்துக்குள் இருப்பவை கரு, அதற்கு வெளியே இருப்பவை ஓடு, அதற்கும் அப்பால் ஒன்றுமில்லை என்று வெட்டிக்கொள்கிறார்கள். பிறகு மொத்த ஆற்றலை எழுதுகிறார்கள். அண்டை அம்புகளுக்கிடையே பரிமாற்ற ஆற்றல். படிகம் எந்தத் திசையை விரும்புகிறது என்பதைச் சொல்லும் திசைச்சார்பு ஆற்றல். வெளிப்புலத்தோடு உள்ள ஆற்றல். தேவைப்பட்டால் தொலைவிலுள்ள அம்புகள் ஒன்றையொன்று உணரும் இருமுனை ஆற்றல். ஒற்றைச் சிறு துகளில் பரிமாற்ற விசைக்கு முன் இருமுனை விசை மிகச் சிறியது என்பதால் கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள். துகள்கள் கூட்டமாக நெருங்கிக் கிடந்தால் விடக்கூடாது.

இதில் உண்மையான நெம்புகோல்கள் பரிமாற்ற மாறிலிகள் மூன்று. கருவுக்குள் ஒன்று, ஓட்டுக்குள் ஒன்று, எல்லையில் ஒன்று. கரு கோபால்ட், ஓடு கோபால்ட் ஆக்சைடு என்றால் முதல் இரண்டையும் கியூரி வெப்பநிலை (ஃபெர்ரோ ஒழுங்கு குலையும் வெப்பநிலை), நீல் வெப்பநிலை (எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு குலையும் வெப்பநிலை) ஆகியவற்றிலிருந்து ஓரளவு கணிக்கலாம். முதலாவது சுமார் 1,390 கெல்வின், இரண்டாவது சுமார் 290 கெல்வின். ஆக, கருவின் பிணைப்பு மிக வலுவானது. மூன்றாவது எல்லை மாறிலி. அதற்கு அட்டவணை ஏதும் கிடையாது. அதன் குறிகூட, இணையாக இழுக்குமா எதிராகத் தள்ளுமா என்பதுகூட, பல நேரங்களில் முன்கூட்டித் தெரியாது.

அம்பு எந்தத் திசைகளில் திரும்பலாம் என்பது அடுத்த முடிவு. மேலே, கீழே மட்டும் என்றால் ஐசிங் மாதிரி. இயற்பியலாளர் வில்ஹெல்ம் லென்ஸ் தன் மாணவர் எர்ன்ஸ்ட் ஐசிங்கிடம் கொடுத்த இந்தச் சிக்கலை ஐசிங் ஒரு பரிமாணத்தில் தீர்த்தார். அதில் காந்த மாற்றமே இல்லை என்று வந்தது. இரு பரிமாணத்துக்கு 1944-இல் ஓன்சாகர் துல்லியமான விடை கண்டார். முப்பரிமாணத்துக்குத் துல்லிய விடை இன்றுவரை கிடையாது, கணினிதான் கதி. அம்பு எந்தத் திசையிலும் திரும்பலாம் என்றால் ஹைசன்பர்க் மாதிரி. ஐசிங் மலிவு, வேகம். ஆனால் அதில் அம்பு மெல்லச் சாய்ந்து திரும்புவது என்பதே கிடையாது, ஒரேயடியாகக் கவிழும். கண்ணியின் வடிவத்தைப் பற்றிப் பேச விரும்புகிறவர் ஐசிங்கோடு நின்றுவிட்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

பகடை உருட்டும் முறை

எல்லா அமைப்புகளையும் எண்ண முடியாது. ஆனால் முக்கியமானவற்றை மட்டும் தேடிப் போகலாம். 1953-இல் மெட்ரோபோலிஸ், ரோசன்புளூத் தம்பதி, டெல்லர் தம்பதி ஆகியோர் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார்கள். லாஸ் அலமோஸில் இருந்த மேனியாக் கணினிக்காக எழுதப்பட்ட அந்த முறை முதலில் காந்தத்துக்கானதே அல்ல. ஒன்றோடொன்று மோதும் வட்டத் துகள்களுக்கானது.

மான்டே கார்லோ எனப்படும் இந்த முறையின் செய்முறை எளிது. ஓர் அம்பைக் குத்துமதிப்பாகத் தேர்ந்தெடுத்துத் திருப்பிப் பாருங்கள். மொத்த ஆற்றல் குறைந்தால் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். கூடினால் உடனே நிராகரிக்க வேண்டாம். ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து, ஆற்றல் உயர்வையும் வெப்பநிலையையும் பொறுத்த ஒரு நிகழ்தகவோடு ஏற்றுக்கொள்ளுங்கள். உயர்வு சரியாக வெப்ப ஆற்றலின் அளவு என்றால் நூறில் 37 முறை ஏற்கப்படும். பத்து மடங்கு என்றால் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு முறைதான். இதை லட்சக்கணக்கில் செய்துகொண்டே போனால், அமைப்பு அந்த வெப்பநிலைக்கு உரிய நிலைகளில் உலவத் தொடங்கிவிடும். அப்புறம் சராசரி எடுக்க வேண்டியதுதான்.

பரிமாற்றச் சாய்வைப் பிடிக்க, 1956 சோதனையின் வரிசையையே கணினியிலும் பின்பற்ற வேண்டும். ஓட்டின் ஒழுங்கு குலையும் வெப்பநிலைக்கு மேலே, ஆனால் கருவின் கியூரி வெப்பநிலைக்குக் கீழே தொடங்கி, புலத்தை வைத்தபடி சிறு சிறு படிகளாகக் குளிர்விக்கிறார்கள். கருவின் திசையைப் பார்த்துப் பார்த்து எல்லையிலுள்ள ஓட்டு அம்புகள் தங்கள் இடத்தைத் தேர்ந்துகொள்கின்றன, பிறகு உறைகின்றன. அதற்கப்புறம்தான் புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கும் திரும்பவும் ஓட்டிக் கண்ணியை வரைவது. 47,000 அம்புகள், 200 புலப்புள்ளிகள், புள்ளிக்கு 10,000 சுற்று (ஒரு சுற்று என்றால் ஒவ்வொரு அம்புக்கும் ஒரு முயற்சி) என்று வைத்தால் மொத்தம் 9,400 கோடி முயற்சிகள். ஒரு சாதாரண மடிக்கணினிக்கே இது சில மணி நேர வேலை. ஆனால் ஒரே ஓட்டத்தை நம்பக்கூடாது. வெவ்வேறு தொடக்க எண்களோடு பல முறை ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்று பார்த்தாக வேண்டும்.

சமவாய்ப்பு எண்களைப் பற்றி ஒரு கிளைக்கதை. 1992-இல் ஃபெர்ரன்பர்க், லாண்டாவ், வோங் மூவரும், தரமானது என்று பெயர் பெற்றிருந்த ஒரு எண் உருவாக்கியை வைத்து, விடை முன்பே துல்லியமாகத் தெரிந்த இருபரிமாண ஐசிங் மாதிரியை ஓட்டினார்கள். வோல்ஃப் முறையில் கொத்துக் கொத்தாக அம்புகளைத் திருப்பும்போது விடை தவறாக வந்தது. பிழைப்பட்டை சின்னதாகத்தான் இருந்தது, விடைதான் அதற்கு வெளியே கிடந்தது. எண் உருவாக்கிக்குள் ஒளிந்திருந்த நுண்ணிய தொடர்புகளே காரணம். விடை முன்பே தெரிந்த ஒரு சிக்கலில் நிரலைச் சோதிக்காமல் புதிய துகளுக்குப் போவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

எல்லையில் தெரிந்தவை

2000-களின் நடுவில் பார்சிலோனாவைச் சேர்ந்த இக்லேசியஸ், பாட்லே, லபார்ட்டா ஆகியோர் ஃபெர்ரோ கருவும் எதிர்ஃபெர்ரோ ஓடும் கொண்ட துகளை ஹைசன்பர்க் அம்புகளால் கட்டி மான்டே கார்லோ முறையில் ஓட்டினார்கள். கிரேக்கத்தில் ட்ரோஹிடோவின் குழுவும் இதே திசையில் தொடர்ந்து உழைத்தது. இவற்றிலிருந்து கிடைத்த படம் தெளிவானது.

முழு ஓட்டையும் எடுத்துக்கொண்டால் நிகரக் காந்தமாக்கம் மிகக் குறைவு. ஆனால் எல்லையைத் தொடும் ஒற்றை அடுக்கை மட்டும் பிரித்துக் கூட்டினால் ஒரு மிச்சம் இருக்கிறது. படிக்கட்டு வடிவத்தால் ஒரு பங்கு, குளிரும்போது கருவின் இழுப்பால் ஒரு பங்கு. அந்த மிச்சத்திலும் எல்லா அம்புகளும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை. சில, கரு திரும்பும்போது கூடவே திரும்பிவிடுகின்றன. அவை கண்ணியை அகலமாக்குகின்றன, அதாவது காந்த நீக்குத்திறனை, காந்தமாக்கத்தைப் பூச்சியமாக்கத் தேவைப்படும் எதிர்ப்புலத்தை, கூட்டுகின்றன. மற்றவை அசையாமல் நிற்கின்றன. கண்ணியை நகர்த்துபவை இவையே. அசையாத அம்புகளின் நிகரத்திலிருந்து கணக்கிட்ட நகர்வு, கண்ணியில் நேரடியாகப் படித்த நகர்வோடு நன்றாகப் பொருந்தியது. மெய்க்கில்ஜான், பீன் விளக்கம் தவறில்லை. எல்லா எல்லை அணுக்களையும் அதில் சேர்த்ததுதான் மிகை.

அதே கணக்கு இன்னொன்றையும் விளக்கியது. சோதனைக் கண்ணிகள் நகர்ந்திருப்பதோடு இரு பக்கமும் வேறு வேறு வடிவத்திலும் இருக்கும். கணினியில் ஒவ்வொரு அம்பையும் தொடர்ந்து பார்த்தபோது, புலம் இறங்கும் பக்கத்தில் கரு மொத்தமாகச் சேர்ந்து சுழன்றது. ஏறும் பக்கத்திலோ எல்லையருகே ஒரு சிறு பகுதி முதலில் திரும்பி, பிறகு அது உள்ளே பரவியது. போக ஒரு வழி, வர வேறு வழி. கண்ணியின் வடிவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லியிருக்க முடியாது.

கருவும் ஓடும் எதிரெதிர்த் திசையில் பிணைந்தால் வேறொரு வேடிக்கை நடக்கும். இரண்டும் வெப்பத்தால் ஒரே வேகத்தில் குலைவதில்லை. தாழ்வெப்பத்தில் ஒன்று பெரிது, உயர்வெப்பத்தில் மற்றது பெரிது என்றால், நடுவில் ஒரு வெப்பநிலையில் இரண்டும் சரிக்குச் சரியாகி மொத்தம் பூச்சியமாகும். உள்ளே ஒழுங்கு அப்படியே இருக்கும், வெளியே காந்தம் தெரியாது. ஈடுகட்டு வெப்பநிலை எனப்படும் இதை ஃபெர்ரி காந்தங்களுக்கு 1948-லேயே நீல் கணித்திருந்தார். கடோலினியம் இரும்புக் கார்னெட்டில் இது அறை வெப்பநிலைக்கு அருகிலேயே இருக்கிறது. கரு-ஓடு துகளில் ஓட்டின் தடிமனையும் எல்லைப் பிணைப்பையும் மாற்றி இந்தப் புள்ளியை நகர்த்தலாம் என்பதால், கணினி ஆய்வாளர்களுக்கு இது மிகப் பிடித்த தலைப்பு. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்வேன்.

நேரம் என்ற தொல்லை

மான்டே கார்லோ சுற்றுக்கும் கடிகார நொடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. சமநிலையில் இருக்கும் அளவுகளுக்கு அதனால் பாதகமில்லை. தயக்கக் கண்ணியோ சமநிலையற்ற நிகழ்வு. புலத்தை எவ்வளவு வேகமாக ஓட்டினோம் என்பதைப் பொறுத்து அதன் அகலம் மாறும். நேரத்தை நேரடியாகப் பிடிக்க விரும்புகிறவர்கள் லாண்டாவ்-லிஃப்ஷிட்ஸ்-கில்பர்ட் சமன்பாட்டுக்குப் போவார்கள். 1935-இல் லாண்டாவும் லிஃப்ஷிட்சும் எழுதி, 1950-களில் கில்பர்ட் தணிப்பைத் திருத்திய சமன்பாடு அது. அம்பு புலத்தைச் சுற்றி எப்படிப் பம்பரச் சுற்றாகச் சுழன்று மெல்ல அதன் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லும். வெப்பத்தைச் சேர்க்க ஒரு சமவாய்ப்புப் புலத்தைக் கூட்டும் வழியை 1963-இல் பிரவுன் தந்தார். யார்க் பல்கலைக்கழகத்தில் உருவான வாம்பயர் மென்பொருள் இதை அணு அளவில் செய்கிறது.

விலைதான் அதிகம். அணு அளவில் ஒவ்வொரு படியும் ஒரு ஃபெம்டோ நொடி அளவில் இருக்க வேண்டும். ஒரு நானோ நொடிக்குப் பத்து லட்சம் படிகள். ஆய்வகக் கருவி ஒரு கண்ணியை வரைய நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். கணினியில் அது சில நானோ நொடிகளில் நடந்து முடிந்தாக வேண்டும். துகளுக்குத் தடையைத் தாண்ட அவகாசமே தரப்படவில்லை. ஆகவே கணினி சொல்லும் காந்த நீக்குத்திறன் அளந்ததைவிடப் பெரிதாக வருவது இயல்பு. இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகின்றன என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்த மாறிலி அதற்காக வளைக்கப்பட்டது என்று தேடிப் பார்ப்பது நல்லது. மான்டே கார்லோவின் அம்பு அசைவளவைத் தக்கபடி அமைத்து அதற்கு ஒரு நேர அளவைத் தரலாம் என்று 2000-இல் நோவக், சாண்ட்ரெல், கென்னடி காட்டினார்கள். சில சூழல்களில் அது நன்றாக உதவுகிறது.

அணுக்களை விட்டுவிட்டுச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே அம்பு என்று வைக்கும் நுண்காந்தவியல் முறையும் இருக்கிறது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஓஓஎம்எம்எஃப், பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவாகி வரைகலை அட்டையில் ஓடும் மூமாக்ஸ் ஆகியவை இந்த வகை. நூறு நானோமீட்டர் கம்பிக்கு அருமையானவை. 2 நானோமீட்டர் ஓட்டுக்கு ஒன்றிரண்டு கட்டங்கள்தான் வரும். அதோடு இந்த முறையின் அடிப்படையே அடுத்தடுத்த அணுக்களின் திசை மெதுவாக மாறும் என்பது. எதிர்ஃபெர்ரோ காந்தத்திலோ அடுத்த அணுவே தலைகீழ். ஆகவே அப்படிப்பட்ட ஓட்டுக்கு அணு அளவு முறையைத் தவிர நேரான வழியில்லை.

கையால் போட்ட எண்கள்

இப்போது என் குறைக்கு வருகிறேன். இந்தத் துறையில் வரும் கட்டுரைகளில் பெரும் பங்கு ஒரே அச்சில் வார்த்தவை. கருவில் ஒரு ஸ்பின் மதிப்பு, ஓட்டில் வேறொன்று, ஐசிங் வகை ஆற்றல், பிறகு ஒவ்வொரு மாறிலியாகக் கூட்டிக் குறைத்துப் பத்துப் பன்னிரண்டு வரைபடங்கள். வெப்பநிலையும் புலமும் பரிமாற்ற மாறிலியின் மடங்குகளாகவே இருக்கும். கெல்வினோ டெஸ்லாவோ எங்கும் வராது. இதில் தவறொன்றும் இல்லை. ஒரு மாதிரிக்குள் என்னென்ன நிகழக்கூடும் என்று வரைபடம் போடுவது மதிப்புள்ள வேலை. ஆனால் எல்லைப் பிணைப்பு கருப்பிணைப்பைப்போல மூன்று மடங்கு இருக்கும்போது கிடைத்த ஒரு விநோதத்தைக் காட்டி, தரவுச் சேமிப்புக்கும் புற்றுநோய் மருத்துவத்துக்கும் பயன்படும் என்று முடிவுரையில் எழுதுவது வேறு விஷயம். அந்த மூன்று மடங்கை எந்தப் பொருள் தரும் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த இடைவெளியைக் குறைக்கும் வழி அடுக்கடுக்கான கணக்கு. எலெக்ட்ரான் அமைப்புக் கணக்கிலிருந்து எல்லைப் பிணைப்பையும் மேற்பரப்புத் திசைச்சார்பையும் பெறுவது, அவற்றை அணு அளவு மாதிரியில் போடுவது, அதன் விடையைக் கொண்டு ஒரு முழுத் துகளை ஒற்றை அம்பாகச் சுருக்கி, துகள் கூட்டத்தைக் கணக்கிடுவது. சூடேற்றி உயிரணுக்களை அழிக்கும் காந்த வெப்பச் சிகிச்சைக்கு இந்தக் கடைசிக் கட்டம் தவிர்க்க முடியாதது. 2011-இல் கோபால்ட் ஃபெரைட் கருவின் மேல் மாங்கனீசு ஃபெரைட் ஓடு பொதிந்த துகள்கள், வழக்கமான இரும்பு ஆக்சைடைப்போலப் பத்து மடங்குக்கும் மேல் வெப்பத்தை வெளியிடுவதாக ஒரு சோதனை காட்டியது. கடினமும் மென்மையும் கலந்து தடையைச் சரியான உயரத்துக்கு இழைத்ததுதான் சூட்சுமம். ஆனால் அதே துகள்கள் உடலுக்குள் கொத்தாகத் திரண்டால் இருமுனை விசை நுழைந்து கணக்கை மாற்றும்.

இன்னொரு இடைவெளி வடிவத்திலேயே இருக்கிறது. கணினித் துகள் குறையற்ற படிகம். எல்லை கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். உண்மையில் வூஸ்டைட் கரு மெல்ல ஆக்சிஜனேற்றம் அடைந்து மேக்னட்டைட் ஓடாக மாறும்போது, ஓடு பல இடங்களில் தனித்தனியே வளரத் தொடங்கிச் சந்திக்கிறது. சந்திக்கும் கோடுகளில் அணு வரிசைகள் அரைப்படி தவறிப் பொருந்துகின்றன. படிகவியலில் எதிர்க்கட்ட எல்லை எனப்படும் குறை இது. கரு முழுவதும் மேக்னட்டைட்டாக மாறி முடிந்த பிறகும் இந்தக் கோடுகள் மறைவதில்லை. ஒரே பொருளால் ஆன துகளிலும் பரிமாற்றச் சாய்வு தெரிவது இதனால்தான். இப்படிப்பட்ட துகள்களில் காந்தமாக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தபோது, மேற்பரப்பில் செத்த, அதாவது காந்தமற்ற, அடுக்கு ஒன்று இருக்கிறது என்று சொல்லிக் கணக்கை நேர்செய்வது நெடுநாள் வழக்கம். 2017-இல் மேக்னட்டைட் துகள்களைப் பற்றி வந்த ஓர் ஆய்வு வேறு வழியில் போனது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்த எதிர்க்கட்ட எல்லையை அணு அணுவாகக் கணினித் துகளுக்குள் வைத்து ஓட்டினார்கள். அந்தக் கோட்டுக்கு இருபுறமும் அம்புகள் எதிரெதிராகப் பிணைந்தன, துகள் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்தது, மொத்தக் காந்தமாக்கம் இறங்கியது. செத்த அடுக்கு எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.